தச்சருக்கு ஒரு கை போனால் எத்தனை சதவீதம்?

1968 ஜூலை 6. அன்றைய ஒரிசாவில் ஒரு சினிமா கொட்டகைக்குள் அலங்கார மரவேலை நடந்துகொண்டிருந்தது. வேலையில் இருந்த தச்சர் கீழே விழுந்தார். இடது கையை முழங்கைக்கு மேலே எடுக்க வேண்டியதாகிவிட்டது. தன் மாதச் சம்பளம் 120 ரூபாய் என்று பிறகு மனுவில் சொன்னார்.

அந்தக் கைக்காக நடந்த வழக்கு தொழிலாளர் இழப்பீட்டு ஆணையர், உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று மூன்று படி ஏறி, 1975 டிசம்பர் 4 அன்றுதான் முடிந்தது. கட்டட விபத்தில் அடிபட்டவருக்காக வாதாடுகிறவர்கள் இன்றும் கையில் எடுக்கும் தீர்ப்புகளில் இதற்குத் தனி இடம் உண்டு. தீர்ப்புத் தொகுப்பில் இரு தரப்பின் பெயரும் இருக்கிறது. இங்கே தச்சர், கொட்டகை முதலாளி என்றே சொல்லிவிடுகிறேன்.

விழுந்து ஐந்து வாரம் கழித்து, ஆகஸ்ட் 11 அன்று தச்சர் நோட்டீஸ் அனுப்பினார். நான் உங்களிடம் வழக்கமாக வேலை பார்த்தவன், இழப்பீடு தாருங்கள் என்பது சாரம். ஆகஸ்ட் 21 தேதியிட்டு பதில் வந்தது. அதில் இரண்டே விஷயம். ஒன்று, அவர் எங்கள் தொழிலாளி இல்லை, எப்போதாவது வந்து வேலை எடுத்துச் செய்யும் ஒப்பந்தக்காரர். இரண்டு, விழுந்ததற்குக் காரணம் முழுக்க முழுக்க அவருடைய கவனக்குறைவு.

ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகியும் இந்தப் பதில் கொஞ்சமும் பழசாகவில்லை. இன்றைக்கு எந்தச் சைட்டில் ஆள் விழுந்தாலும் இதே இரண்டு வரியைப் பேச்சுத் தமிழில் கேட்கலாம். “அவன் மேஸ்திரி ஆளு சார், எங்க ஆளு இல்ல.” அப்புறம், “அவனாப் போய் ஓரத்துல நின்னான், நாங்க என்ன பண்றது?”

இரண்டுக்கும் சட்டத்தில் பதில் இருக்கிறது. மேஸ்திரி ஆள் என்பதால் கட்டட நிறுவனம் தப்பிக்க முடியாது. 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் (2025 நவம்பரில் அதன் இடத்துக்குப் புதிய சட்டத்தொகுப்பு வந்துவிட்டது, அதைப் பின்னால் சொல்கிறேன்; இங்கே சொல்லும் பிரிவு எண்கள் பழைய சட்டத்தினுடையவை), 12-ஆம் பிரிவு: தன் தொழிலுக்கான வேலையை ஒப்பந்தக்காரர் வழியாகச் செய்விப்பவரும், அந்தத் தொழிலாளி தன்னிடம் நேரடியாக வேலை பார்த்ததுபோலவே இழப்பீடு கட்ட வேண்டும். கட்டியதை மேஸ்திரியிடம் வசூலித்துக்கொள்வது அவர் பாடு. இதில் ஒரு ஓட்டையும் உண்டு, சொல்லிவிட வேண்டும். ‘தன் தொழிலுக்கான’ என்ற சொல் அங்கே இருப்பதால், தான் குடியிருக்க வீடு கட்டும் தனி ஆள் ஒருவரை இந்தப் பிரிவுக்குள் இழுப்பது கடினம். அடுக்குமாடி கட்டி விற்பவர் கதை வேறு, கட்டுவதுதான் அவருடைய தொழில். ‘எப்போதாவது வரும் ஆள்’ என்ற சாக்குக்கும் ஒருகாலத்தில் சட்டத்திலேயே கொஞ்சம் இடம் இருந்தது. 2000-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அதையும் எடுத்துவிட்டார்கள்.

கவனக்குறைவு என்பது இந்தச் சட்டத்தில் தற்காப்பே இல்லை. குடிபோதை, பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறுவது, பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே கழற்றிப் போடுவது ஆகிய மூன்றைத்தான் முதலாளி சொல்லலாம். இன்றைய நிலையில், ஆள் இறந்துபோனாலோ நிரந்தரமாக முழு ஊனமடைந்தாலோ அந்த மூன்றும்கூடச் செல்லாது. பாதுகாப்பு பெல்ட்டே கொடுக்காத இடத்தில் “பெல்ட் போடல” என்று சொல்வது எந்தக் கணக்கிலும் வராது.

நோட்டீஸுக்கு இப்படிப் பதில் வந்த பிறகு தச்சர் நேரில் போய்க் கேட்டுப் பார்த்தார். நடக்கவில்லை. அதன் பிறகுதான் ஆணையரிடம் மனுப் போட்டார். அங்கே கொட்டகை முதலாளி, இதை விசாரிக்க உங்களுக்கு அதிகாரமே இல்லை என்று ஒரு ஆட்சேபம் கிளப்பினார். இன்னொரு பக்கம், தச்சரையே இணங்க வைத்து, ஏதோ ஒரு சிறு தொகைக்கு விவகாரம் முடிந்துவிட்டதாக ஒப்பந்தக் குறிப்பு ஒன்றைத் தாக்கல் செய்ய வைத்தார். ஆணையர் அந்தத் தொகையைப் பார்த்தார், இது ஒரு தொகையா என்று நிராகரித்துவிட்டார். உச்ச நீதிமன்றம் பின்னர் தன் தீர்ப்பில் இதைக் கடுமையாகவே குறிப்பிட்டது.

இந்த வழக்கில் எனக்கு முக்கியமாகப் படுவது இந்த இடம்தான். தீர்ப்பை மேற்கோள் காட்டுகிறவர்கள் இதை ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆனால் காயம்பட்ட கட்டடத் தொழிலாளியின் உரிமை பெரும்பாலும் நீதிமன்றத்தில் தோற்பதில்லை, ஆஸ்பத்திரிக் கட்டிலில் தோற்கிறது. வழக்கமான வரிசை இது. முதல் நாள் மேஸ்திரி உடன் இருப்பார், “செலவெல்லாம் நாங்க பார்த்துக்கிறோம்ப்பா, கேஸு கீஸுன்னு அலையாதே” என்பார். மூன்றாம் நாள் ஒரு கவர். டிஸ்சார்ஜ் நேரத்தில் முத்திரைத்தாள் வரும். ‘முழுத்தொகையும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று ஏற்கெனவே அடித்து வைத்திருப்பார்கள். வலது கையில் கட்டு என்றால் இடது பெருவிரல் ரேகை போதும்.

அந்தத் தாளுக்கு மதிப்பு என்ன? 17-ஆம் பிரிவின்படி, இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாகவோ குறைத்துக்கொள்வதாகவோ எழுதப்படும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது. பேசி முடித்த மொத்தத் தொகை சட்டப்படி நிற்க வேண்டுமென்றால், 28-ஆம் பிரிவின்படி ஆணையரிடம் பதிவாக வேண்டும். தொகை போதாது என்றோ, ஏமாற்றியோ நெருக்கியோ கையெழுத்து வாங்கியதாகவோ தெரிந்தால் அவர் பதிவு செய்ய மறுக்கலாம். ஒரிசா ஆணையர் செய்தது இதைத்தான். இறப்பு என்றால் இன்னும் கண்டிப்பு: இழப்பீட்டுத் தொகையை ஆணையரிடம்தான் கட்ட வேண்டும், நேராகக் குடும்பத்தின் கையில் கொடுத்தது இழப்பீடு கொடுத்ததாக ஆகாது. ஆஸ்பத்திரிச் செலவு பார்த்தோமே என்றும் கழிக்க முடியாது. சிகிச்சைக்குக் கொடுத்தது இழப்பீட்டில் சேராது என்று சட்டமே சொல்கிறது. 2009 திருத்தத்துக்குப் பிறகு, ஆன மருத்துவச் செலவைத் திருப்பித் தருவது முதலாளியின் தனிக் கடமை.

சரி, வழக்குக்கு வருவோம். 1969 மே 6 அன்று ஆணையர் உத்தரவிட்டார். இழப்பீடு 9,800 ரூபாய். அதன் மேல் 50 சதவீதம் அபராதம், ஆண்டுக்கு 6 சதவீதம் வட்டி. மொத்தம் 15,092 ரூபாய். பேப்பரில் போட்டுப் பார்த்தால், 9,800-உடன் அபராதம் 4,900, மீதி 392. அந்த 392 சரியாக எட்டு மாத வட்டி. மாதம் 120 ரூபாய் வாங்கியவருக்கு இது பத்து வருடச் சம்பளத்துக்கும் மேல்.

முதலாளி உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுப் போட்டார், அது 1969 அக்டோபர் 1 அன்று ஆரம்ப நிலையிலேயே தள்ளுபடியானது. அடுத்து உச்ச நீதிமன்றம். அங்கே நான்கு நீதிபதிகள் அமர்வில் இரண்டு கேள்விகள் எழுந்தன. கை போனது முழு ஊனமா, பகுதி ஊனமா? பணம் எந்த நாளில் கடனாகிறது?

முதல் கேள்விக்குச் சட்டத்தின் முதல் அட்டவணையைத் தெரிந்துகொள்ள வேண்டும். படிக்கவே சங்கடமான பட்டியல் அது, உடம்புக்கு விலை போட்டது மாதிரி இருக்கும். ஆள்காட்டி விரல் முழுதாகப் போனால் 14 சதவீதம். கட்டைவிரல் 30. ஒரு கண் 40. இரண்டு கையும் போனால் 100. ஒரு கை முழங்கையை ஒட்டிப் போனால் 70. இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டுதான் முதலாளி தரப்பு, இது பகுதி ஊனம், முழு ஊனம் என்று கணக்குப் போட்டது தப்பு என்றது.

ஆணையர் பட்டியலைப் பார்க்கவில்லை, தச்சரைப் பார்த்தார். இவர் தொழில் தச்சு, தச்சு வேலையை ஒற்றைக் கையால் செய்ய முடியாது, ஆகவே இவர் அந்த வேலைக்கே தகுதியற்றவராகிவிட்டார் என்பது அவருடைய முடிவு. பட்டறையில் அரை மணி நேரம் நின்று பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். இடது கை உளியை நிறுத்திப் பிடிக்கும், வலது கை கொட்டாப்புளியால் அடிக்கும். இழைப்புளியை முன்னால் ஒரு கை, பின்னால் ஒரு கை வைத்துத் தள்ள வேண்டும். கோடு போடுவதானால்கூட மூலைமட்டத்தை ஒரு கை அழுத்தியிருந்தால்தான் இன்னொரு கையில் பென்சில் நேராகப் போகும். இடது கை ‘துணைக் கை’ என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கலாம். மரத்தைப் பிடித்து நிறுத்துவதே அதுதான். அது இல்லையென்றால் வலது கைக்கு வேலையே கிடையாது.

உச்ச நீதிமன்றம் ஆணையர் பக்கம் நின்றது. சட்டத்தின் விளக்கப் பிரிவில், விபத்து நடந்த நேரத்தில் அவர் செய்யக்கூடியவராக இருந்த வேலை அனைத்துக்கும் லாயக்கற்றவராக்குவதுதான் முழு ஊனம் என்று இருக்கிறது. அந்த வரையறை தச்சரின் நிலைமைக்குப் பொருந்துகிறது, இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை என்று முடித்தது. அட்டவணையில் 100 என்று போட்டிருந்தால்தான் 100 என்ற வாதம் அதோடு போயிற்று. பார்க்க வேண்டியது எவ்வளவு சதை போனது என்பதையல்ல, எந்த வேலை போனது என்பதை.

இதை வைத்துப் பின்னாளில் லாரி ஓட்டுநரின் கால், வலது கை என்று பல வழக்குகளில் 100 சதவீதம் கிடைத்திருக்கிறது. அதற்காக ஒரு விரல் போன ஒவ்வொருவருக்கும் 100 என்று ஆகிவிடாது. கரணை பிடிக்கும் கையில் கட்டைவிரல் போன கொத்தனாருக்கும் அதே விரல் போன சைட் மேற்பார்வையாளருக்கும் உடல் இழப்பு ஒன்றுதான், சம்பாதிக்கும் திறனில் இழப்பு வேறு. அந்த வித்தியாசத்தை மருத்துவச் சாட்சியத்தோடு தொழில் சாட்சியமும் சேர்த்துக் காட்ட வேண்டும். மனுக்கள் சறுக்குவது இங்கேதான். அரசு மருத்துவமனையில் கொடுக்கும் மாற்றுத்திறனாளி சான்றிதழில் 45 சதவீதம் என்று இருந்தால், அதையே சம்பாத்திய இழப்பு என்று எழுதிவிடுகிறார்கள். டாக்டர் அளந்தது உடம்பை. சட்டம் கேட்பது, இந்த உடம்போடு பழைய வேலையில் எவ்வளவு முடியும் என்பதை. முதுகெலும்பில் அடிபட்டு நடமாடிக்கொண்டிருக்கும் சித்தாளுக்குச் சான்றிதழில் எண் சின்னதாக இருக்கலாம், ஆனால் தலையில் சட்டி ஏற்ற முடியாது என்றால் அவருக்கு அந்த வேலை முடிந்தது.

இரண்டாம் கேள்வி, பணம் என்றைக்குக் கடன்? ஆணையர் தொகையை நிர்ணயித்த பிறகுதானே எனக்குத் தெரியும், அதற்கு முன் அபராதமும் வட்டியும் எப்படி என்றார் முதலாளி. நீதிமன்றம் ஒத்துக்கொள்ளவில்லை. காயம் பட்ட அந்தக் கணத்திலேயே பொறுப்பு பிறந்துவிடுகிறது, அப்போதே கொடுத்திருக்க வேண்டும். தகராறு இருந்தால்கூடத் தான் ஒப்புக்கொள்ளும் அளவுக்காவது முன்கூட்டிக் கட்டியிருக்கலாம், அதையும் செய்யவில்லை. பொய்யான காரணங்களைச் சொல்லி, நேரில் வந்து கேட்டவரையும் கண்டுகொள்ளாமல் விட்டவருக்கு அபராதம் சரிதான் என்று மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது.

இவ்வளவு தெளிவாகச் சொன்ன பிறகும் குழப்பம் வந்தது. 2007-லும் 2009-லும் உச்ச நீதிமன்றத்தின் சிறிய அமர்வுகள் ஆணையர் உத்தரவு தேதியை வைத்து வட்டியைக் கணக்கிட்டன. காப்பீட்டு நிறுவனங்கள் அதைப் பிடித்துக்கொண்டன. 2012-இல் இன்னொரு வழக்கில் உச்ச நீதிமன்றமே, நான்கு நீதிபதிகள் சொன்ன பழைய தீர்ப்புதான் கட்டுப்படுத்தும் என்று சொல்லி, விபத்து நாளுக்கே கணக்கைத் திருப்பியது. 2018-லும் அதையே உறுதி செய்தது.

இதெல்லாம் கட்டட வேலைக்கு இன்று எவ்வளவு பணம் என்று பார்த்தால்தான் கனம் தெரியும். 30 வயதுத் தச்சர் ஒருவர் 2022-இல் சைட்டில் விழுந்து, இதேபோல் ஒரு கை போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். நிரந்தர முழு ஊனத்துக்கு மாதச் சம்பளத்தில் 60 சதவீதத்தை வயதுக்கேற்ற காரணியால் பெருக்க வேண்டும். 30 வயதுக்குக் காரணி 207.98. சம்பளம் எவ்வளவு வாங்கியிருந்தாலும் கணக்குக்கு உச்சவரம்பு 15,000. அது 2020 ஜனவரி 3 முதல் வந்தது, அதற்கு முன் வெறும் 8,000. இன்றைய தச்சர் கூலிக்கு 15,000 என்பதே கம்மிதான், ஆனால் சட்டம் அப்படி. 9,000-ஐ 207.98-ஆல் பெருக்கினால் 18,71,820 ரூபாய். அட்டவணையின் 70 சதவீதத்தோடு நின்றிருந்தால் 13,10,274. வித்தியாசம் 5,61,546 ரூபாய். சினிமா கொட்டகை வழக்கின் விலை ஒவ்வொரு தச்சருக்கும் இவ்வளவு.

வட்டி இன்னும் சுவாரசியம். ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் இப்போது 12 சதவீதம். 18,71,820-க்கு மாத வட்டியே 18,700 ரூபாய்க்கு மேல் வருகிறது, அதாவது கணக்குக்கு எடுத்த மாதச் சம்பளத்தை விட அதிகம். இழுத்தடிப்பது முதலாளிக்கு லாபம் என்ற பொதுவான நினைப்பு இந்தச் சட்டத்தில் பொருந்தாது. அபராதம் 50 சதவீதம் வரை போகலாம், அதை முதலாளி தன் கையிலிருந்துதான் கட்ட வேண்டும். பாலிசி இருந்தால் இழப்பீட்டையும் வட்டியையும் காப்பீட்டு நிறுவனம் தாங்கும், அபராதத்தைத் தாங்காது என்று 1997-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உத்தரவை எதிர்த்து மேல்முறையீடு போக வேண்டுமானாலும் முழுத்தொகையைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும்.

அடிக்கடி கேட்கப்படும் இரண்டு விஷயங்கள். தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இருந்தால் இந்தச் சட்டத்தில் வர முடியாது, அங்கேதான் போக வேண்டும். நலவாரிய உதவி வேறு, முதலாளி தரும் இழப்பீடு வேறு. கட்டுமானத் தொழிலாளர் வாரியத்தில் பணம் வாங்கியவர் முதலாளியிடம் கேட்கக் கூடாது என்று எங்கும் இல்லை.

2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது. 1923 சட்டத்தின் இடத்தில் இனி அதன் ஏழாம் அத்தியாயம். எலும்புக்கூடு பழையதுதான்: முதலாளியின் பொறுப்பு, வயதுக் காரணி, காயங்களின் அட்டவணை. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ வேலையோடு தொடர்புள்ள விபத்து நடந்தால் அதையும் சேர்த்திருக்கிறார்கள். சைட்டுக்கு லோடு வண்டியில் ஏறிப் போகிறவர்களுக்கு இது பெரிய விஷயம். அந்தத் தேதிக்கு முன் நடந்த விபத்துக்கு விபத்து நாளன்று இருந்த கணக்குதான். மனுப் போட 2 ஆண்டு என்ற பழைய வரம்பையும் அப்படி அடிபட்டவர்கள் மறக்கக் கூடாது.

இனி ஆவணம். தச்சர் வழக்கில் ஆகஸ்ட் 11 நோட்டீஸ் இருந்தது, அதனால் ஆகஸ்ட் 21 பொய்யும் எழுத்தில் கிடைத்தது. இன்றைய சைட்களில் சம்பளச் சீட்டு கிடையாது, வருகைப் பதிவு மேஸ்திரியின் பாக்கெட் நோட்டில். மிஞ்சுவது அரசு மருத்துவமனையில் போடும் விபத்துப் பதிவேடு, எல்லோரும் ஏ.ஆர். காப்பி என்பார்கள். முதலில் பார்க்கும் டூட்டி டாக்டர் ‘எப்படி அடிபட்டது’ என்று கேட்டு ஒரு வரி எழுதுவார். கூட வந்தவர் சொல்லிக்கொடுத்தபடி “வீட்ல வழுக்கி விழுந்துட்டேன்” என்று சொல்லிவிட்டால், பிறகு அந்த ஒரு வரியோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்ட வேண்டியதுதான். எந்தச் சைட், எத்தனையாவது மாடி, சாரத்திலிருந்தா, லிப்ட் குழியிலா என்று அந்த நேரத்திலேயே சொல்லிவிட வேண்டும். யு.பி.ஐ.-இல் மேஸ்திரி அனுப்பிய வாரக்கூலி, சைட்டில் எடுத்த போட்டோ, கூட வேலை பார்த்தவரின் போன் எண், இவையெல்லாம் அப்புறம் சம்பள ஆதாரமாகவும் வேலை ஆதாரமாகவும் நிற்கும்.

வெளிமாநிலத் தொழிலாளிக்கு இதில் இன்னொரு சிக்கல் உண்டு. 2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள், 27 பேரை உயிரோடு மீட்டார்கள். அடியில் சிக்கியவர்களில் ஆந்திராவிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் நிறைய. அப்படி வந்தவர் காயத்தோடு ஊருக்குத் திரும்பிவிட்டால், சென்னையில் இருக்கும் ஆணையர் அலுவலகத்துக்கு ஒவ்வொரு வாய்தாவுக்கும் எப்படி வருவார்? வர வேண்டாம். 1995 திருத்தத்துக்குப் பிறகு, விபத்து நடந்த இடத்தில் மட்டுமல்ல, தொழிலாளியோ குடும்பமோ வழக்கமாகக் குடியிருக்கும் ஊரின் ஆணையரிடமும் மனுப் போடலாம். கட்டடம் சென்னையில், விழுந்தது சென்னையில், மனு ஒடிசாவின் கஞ்சாம் மாவட்டத்திலிருந்து. அங்குள்ள ஆணையர் இங்குள்ள ஆணையருக்கும் மாநில அரசுக்கும் அறிவிப்புக் கொடுத்துவிட்டு விசாரணையைத் தொடங்கலாம். ரயில் டிக்கெட் எடுத்து அலைய வேண்டியது கட்டட நிறுவனத்தின் வக்கீல்.